ஜெனோவாவின் பழைய தின்பண்டக் கடைகள்: ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி இது: கப்பல் சுற்றுலாவில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் ஒரு நாள் நிற்கிறார்கள். கூட வரும் அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அந்த ஊரில் நூறு, இருநூறு வருடப் பழமையான சாப்பாட்டுக் கடைகளும் இனிப்புக் கடைகளும் இருக்கின்றனவாமே, எவற்றைப் பார்க்கலாம்? அவை எப்படி இன்னும் அப்படியே இருக்கின்றன?

இடப் பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கடைகள் வேறு மாதிரி தெரியும். ஜெனோவாவில் பழைய கடைகள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று சர்க்கரைக் கடை, இன்னொன்று அடுப்புக் கடை. கப்பலில் சரக்கு வைத்திருந்த குடும்பங்களுக்காக வளர்ந்தவை சர்க்கரைக் கடைகள். அந்தச் சரக்கை முதுகில் சுமந்து இறக்கியவர்களுக்காக வளர்ந்தவை அடுப்புக் கடைகள். இரண்டையும் வளர்த்தது ஒரே துறைமுகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து நிமிடம்கூட நடக்க வேண்டாம்.

சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன். ஜெனோவா 1797 வரை தனிக் குடியரசு. சிலுவைப் போர்க் காலத்திலிருந்தே அதன் கப்பல்கள் கிழக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் போய்வந்தன. சர்க்கரையும், பழத்தைப் பாகில் ஊறவைத்துப் பாதுகாக்கும் அரபு நாட்டுக் கைப்பழக்கமும் அந்த வழியாகத்தான் வந்தன. அப்புறம் சர்க்கரை அட்லாண்டிக் தீவுகளில் விளையத் தொடங்கியதும் ஜெனோவாக்காரர்கள் அங்கேயும் போய்விட்டார்கள். கொலம்பஸ் இந்த ஊர்க்காரர்தானே. அவர் 1478-ல் மதேய்ரா தீவுக்குப் போனது சர்க்கரை வாங்கத்தான். ஜெனோவாவின் செந்துரியோனே குடும்பத்து வியாபாரி ஒருவருக்காக 2,400 அரோபா, அதாவது சுமார் 30 டன் சர்க்கரை வாங்க வேண்டும். பணம் முழுதாக வந்து சேராததால் சரக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. விவகாரம் வழக்கு வரை போய், 1479-ல் அவர் ஜெனோவாவுக்கு வந்து சாட்சி சொன்ன ஆவணம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் கப்பல் விடுவதற்கு 14 வருடம் முன்னால் அவர் ஒரு சர்க்கரைக் கொள்முதல் முகவர்!

அந்தக் காலத்தில் சர்க்கரை மளிகைச் சாமான் இல்லை. மிளகு, பட்டை, சாதிக்காய் விற்கும் மருந்துச் சரக்குக் கடையில்தான் அதையும் விற்றார்கள். பியேத்ரோ ரொமனெங்கோ என்ற கடையின் பூர்வீகமும் அப்படித்தான். 1780-ல் மதலேனா தெருவில் மளிகை மருந்துச் சரக்குக் கடையாகத் தொடங்கிய குடும்பம் அது. 1814-ல் சொசீலியா சதுக்கத்தில் இனிப்புக் கடை திறந்தார்கள். ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அங்கே போங்கள் என்பேன்.

உள்ளே நுழைந்ததும் அவசரப்படாதீர்கள். பளிங்குத் தரை, பழைய மர அலமாரிகள், கண்ணாடிப் பேழைகளில் வரிசையாகப் பழங்கள். வாயில் ஒலிவக் கிளையுடன் பறக்கும் புறாதான் கடையின் சின்னம். நெப்போலியன் போர்கள் முடிந்து சமாதானம் வந்த சமயத்தில் எடுத்துக்கொண்ட சின்னம் அது. வாங்கியதை நீல நிறக் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டித் தருவார்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சர்க்கரைக் கட்டிகளைச் சுற்றிவந்த அதே நீலம்.

அங்கே பார்க்க வேண்டியது முழுப் பழ மிட்டாய்தான். ஆரஞ்சு, பேரிக்காய், அத்தி, ஆப்ரிகாட் என்று பழம் உருக்குலையாமல், நிறம் மங்காமல், ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். இதன் சூட்சுமம் பொறுமை. பழத்தை நேரடியாகக் கெட்டிப் பாகில் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று வெளியேறிப் பழம் சுருங்கிவிடும். அதனால் முதலில் மிக நீர்த்த பாகில் ஊறவைப்பார்கள். மறுநாள் பாகைக் கொஞ்சம் கெட்டியாக்கி மறுபடி. இப்படியே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் பழத்தின் நீர் வெளியேறும் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பெரிய பழம் என்றால் வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து ஊரான சவோனாவில் விளையும் கினோத்தோ என்ற சின்னக் கசப்பு நாரத்தை வகையையும் இப்படிச் செய்கிறார்கள். இனிப்புக்குள் அந்தக் கசப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் பழத்தையும்விட அதுதான் மேல்.

இன்னொன்று கொன்ஃபெத்தி. பாதாம், பைன் கொட்டை, சோம்பு, பட்டைத் துண்டு இவற்றின் மேல் சர்க்கரை ஏற்றியது. சுழலும் செப்புப் பாத்திரத்தில் பருப்பைப் போட்டு, ஒரு கரண்டி பாகு ஊற்றி உருட்டி, அது காய்ந்த பிறகு இன்னொரு கரண்டி. மெல்லிய படலம் மேல் படலமாக ஏற நாள் கணக்கில் ஆகும். விலை அதிகமாகத் தெரிகிறதே என்று தோன்றினால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நூறு கிராம் வாங்கினால் போதும்.

மே மாதம் போகிறீர்கள் என்றால் ரோஜா. ஜெனோவாவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரிவியா பள்ளத்தாக்கில் வாசனைக்கென்றே வளர்க்கும் ரோஜா அப்போது பூக்கும். இதழ்களை எடுத்துப் பாகும் சர்பத்தும் செய்வார்கள். அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். பழ மிட்டாய், ரோஜா சர்பத் இவற்றில் முட்டைப் பிரச்சினையும் இல்லை.

சொசீலியா பக்கத்திலேயே கிளைங்குத்தி என்ற காப்பிக் கடையும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எங்கதீன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த சகோதரர்கள் 1828-ல் தொடங்கியது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற வந்தவர்கள், கப்பலைத் தவறவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இனிப்பு செய்பவர்கள் ஐரோப்பா முழுக்கப் பிழைக்கப் போனார்கள் என்பது மட்டும் கதையில்லை. இசையமைப்பாளர் வெர்தி பல குளிர்காலங்களை ஜெனோவாவில் கழித்தவர். இந்தக் கடையில் ஹேசல் கொட்டை விழுது வைத்த ஒரு பன்னுக்கு அவருடைய ஓபராவின் பெயரான ஃபால்ஸ்டாஃப் என்பதையே வைத்திருந்தார்கள். உங்கள் ஃபால்ஸ்டாஃப் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதித் தந்த குறிப்பைக் கடைக்காரர்கள் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். பன்னில் முட்டையும் வெண்ணெயும் உண்டு, அது உங்களுக்கு மட்டும். இந்த ஊரில் பழைய கடைகள் மூடுவதும், ஆள் மாறித் திறப்பதும் நடக்கிறது. ஃபொஸ்ஸதெல்லோ தெருவில் இருக்கும் மாரெஸ்கோட்டி காப்பிக் கடை பல வருடம் பூட்டிக் கிடந்து மறுபடி உயிர் பெற்றது. எனவே எந்தக் கடைக்குப் போவதாக இருந்தாலும் அன்று திறந்திருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். சாக்லேட் பிடிக்கும் என்றால் கஸ்தாஞ்ஞா சந்தில் விகனோத்தி. 1866-லிருந்து நடக்கும் சின்னப் பட்டறை.

பாந்தோல்ச்சே பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெனோவாவின் கிறிஸ்துமஸ் ரொட்டி அது. உலர் திராட்சை, பைன் கொட்டை, பாகில் ஊறிய கடாரங்காய்த் தோல், சோம்பு, ஆரஞ்சுப் பூ நீர். இந்தப் பட்டியலையே ஒரு கப்பல் சரக்குச் சீட்டாகப் படிக்கலாம். உயரமாகப் புளித்து எழும்பும் வகைதான் பழையது. ஒரு நாளுக்கு மேல் புளிக்க வேண்டும். தட்டையான, பிஸ்கெட் மாதிரி உதிரும் வகை பேக்கிங் பவுடர் வந்த பிறகு பரவியது. வீட்டில் அதை வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ரொட்டியின் தலையில் ஒரு லாரல் தழையைச் செருகியிருப்பார்கள். வீட்டிலேயே இளையவர் அதை எடுக்க வேண்டும், மூத்தவர் வெட்ட வேண்டும். ஒரு துண்டு வாசலுக்கு வரும் ஏழைக்கு. இன்னொரு துண்டைச் சுற்றி எடுத்துவைத்து, பிப்ரவரி 3 அன்று புனித பிளாசியோ நாளில், தொண்டைக்கு நோய் வராமல் இருக்க எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். ஒன்றரை மாதம் கெடாமல் இருக்கும் ரொட்டி என்றால் கப்பலில் போகிறவனுக்கும் கொடுத்தனுப்பலாம் அல்லவா? முட்டை சேர்ப்பது கடைக்குக் கடை மாறும், கேட்டு வாங்குங்கள்.

சரி, இப்போது அடுப்புக் கடைகளுக்கு வருவோம். உண்மையில் என் மனசு இவற்றின் பக்கம்தான்.

பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி சோத்தோரிப்பா என்று ஒரு நீண்ட வளைவுத் தாழ்வாரம் போகும். இடைக்காலத்தில் கட்டியது. ஒரு காலத்தில் கடல் தண்ணீர் அதன் காலடி வரை இருந்தது. படகிலிருந்து இறங்கினால் நேராகக் கடைதான். அந்த இருட்டு வளைவுகளுக்குள் இன்றும் பொரிப்புக் கடைகள் இருக்கின்றன. பழைய பேர்வாங்கிய கடை கரேகா. வெள்ளை ஓடு பதித்த சுவர், பெரிய அடுப்பு, கொதிக்கும் எண்ணெய். நெத்திலி, கணவாய், காட் மீன் எல்லாவற்றையும் பொரித்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். உட்கார இடம் தேடாதீர்கள், நின்றபடிதான். சுமைதூக்கிகளுக்கு உட்கார எப்போது நேரம் இருந்தது? பனிஸ்ஸா என்று கொண்டைக்கடலை மாவைக் கெட்டியாகக் கிளறி ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்ததும் கிடைக்கும். பொருள் முழுக்கச் சைவம். ஆனால் மீன் பொரித்த எண்ணெயாகவே இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம். அதே பனிஸ்ஸாவைப் பொரிக்காமல், எலுமிச்சை, வெங்காயம், ஒலிவ எண்ணெய் விட்டுத் தரும் இடங்கள் உண்டு. அது தைரியமாகச் சாப்பிடலாம்.

அம்மாவுக்கான உண்மையான சாப்பாடு ஃபரினாட்டா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். இதைச் சுடும் கடைகளுக்கு ஊர் பாஷையில் ஷமட்டா என்று பெயர், எரியும் தழலைச் சொல்வது. ஜுஸ்தினியானி தெருவில் இருக்கும் சா பெஸ்தா அதில் பழையது. முன்பு உப்பு இடித்து விற்ற இடம். சான் ஜோர்ஜோ தெருவில் அந்திகா ஷமட்டா என்ற சின்னக் கடையும் உண்டு.

சுடுவதை அருகில் நின்று பாருங்கள். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். கரைத்துப் பல மணி நேரம் வைத்துவிடுவார்கள். மேலே திரளும் நுரையை எடுத்துவிட்ட பிறகுதான் உப்பும் எண்ணெயும். ஈயம் பூசிய செப்புத் தட்டு ஒன்று, இரண்டு கைகளை விரித்தாலும் பிடிபடாத அகலம். அதில் தாராளமாக எண்ணெய் விட்டு, கரைசலை ஊற்றி, எண்ணெய் மேலே வரும்படி மரக்கரண்டியால் ஒரு கலக்கு. பிறகு விறகு எரியும் அடுப்புக்குள் நீளக் கம்பியால் தள்ள வேண்டும். தட்டில் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரி கரைசல், அரை விரல் கனம்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கருகும். பாதியில் தட்டைத் திருப்பி, தழல் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். வெளியே வரும்போது மேலே பொன்னிறம், ஓரம் நன்றாக முறுகிய அடை போல மொறுமொறுப்பு, நடுவில் மட்டும் வெண்ணெயாகக் குழையும். மிளகுப் பொடி தூவி, சுடச் சுட அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் அதில் ஒன்றும் இல்லை. அதனால் அடுப்பில் தட்டு வெளிவரும் நேரம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடப்பதை வாங்கிவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

இதற்கும் ஒரு கப்பல் கதை உண்டு. 1284-ல் மெலோரியா கடற்போரில் பீசாவை ஜெனோவா தோற்கடித்தது. அது வரலாறு. திரும்பும் வழியில் புயலில் கடலை மாவும் எண்ணெயும் கடல் நீரும் கொட்டிக் கலந்து, வெயிலில் காய்ந்து ஃபரினாட்டா பிறந்தது என்பது ஊர்க் கதை. நான் அதை நம்பவில்லை. கெடாத மாவும் எண்ணெயும் எந்தக் கப்பலிலும் இருக்கும், பசித்தவனுக்குப் புயல் வந்துதான் சமையல் தோன்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் பண்டம் கப்பலேறிப் போனது நிஜம். நீஸ் நகரில் சொக்கா, ஜிப்ரால்டரில் கலெந்தீத்தா, சார்தீனியாவின் சஸ்ஸரியில் ஃபைனே, எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஜெனோவாக்காரர்கள் பிழைக்கப் போய்க் குடியேறிய புவனோஸ் ஐரெஸிலும் மொந்தெவிதேயோவிலும் இன்றும் பீட்ஸாத் துண்டின் மேல் ஒரு துண்டு ஃபைனாவை வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

காலையில் இறங்கியதும் முதலில் ஃபொக்காச்சா. மற்ற ஊர் ஃபொக்காச்சாவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது ஒரு விரல் கனம்கூட இருக்காது. மாவை விரலால் குழி குழியாக அழுத்தி, தண்ணீர், எண்ணெய், உப்பு மூன்றும் கலந்த கரைசலை அந்தக் குழிகளில் ஊற்றி மறுபடி எழும்ப விட்டுச் சுடுவார்கள். அதனால்தான் குழிகள் மட்டும் வெளுத்து, ஈரமாக, உப்பாக இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கடிப்பார்கள், உப்பு நேராக நாக்கில் படட்டும் என்று. காலையில் பால் காப்பியில் தோய்த்தும் சாப்பிடுகிறார்கள். கேட்டால் ஒரு மாதிரி இருக்கும், ஒரு தடவை செய்து பாருங்கள். சில இடங்களில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

பெஸ்தோ சாஸுக்கு ஜெனோவாவின் பிரா என்ற பகுதியில் வளரும் துளசி வகை இலை, பைன் கொட்டை, பூண்டு, எண்ணெய், உப்பு, கூடவே பார்மிஜானோ, சார்தீனிய ஆட்டுச் சீஸ். பார்மிஜானோவைக் கன்றின் இரைப்பை நொதியால்தான் உறையவைப்பார்கள், கண்டிப்பான சைவம் என்றால் இது ஆகாது. கஸானா சந்தில் இருக்கும் குடல் கடையும் அப்படித்தான், அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் எட்டிப் பாருங்கள். பெரிய செப்புக் கொப்பரைகளும் பளிங்கு மேடையும் பார்க்கவே நன்றாக இருக்கும்.

இவையெல்லாம் எப்படித் தப்பின? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வசதியானவர்கள் செப்டம்பர் இருபது தெரு மாதிரி அகலமான புதுத் தெருக்களுக்கு நகர்ந்தார்கள். கிழக்குச் சந்தையும் அங்கேதான் 1899-ல் திறந்தது. கரூஜி என்று சொல்லும் பழைய சந்துகள் சாதாரண மக்களிடம் விடப்பட்டன. அகலப்படுத்த யாரும் வரவில்லை, அலமாரியை மாற்றப் பணமும் இல்லை. அந்தப் புறக்கணிப்பே பல கடைகளைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. இன்று நகராட்சியும் வர்த்தக சபையும் வரலாற்றுக் கடைகள் என்று பட்டியல் போட்டுப் பாதுகாக்கின்றன. அது நல்ல காரியம். ஆனால் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு எதையும் வாங்காமல் போகும் கூட்டத்தால் எந்தக் கடையும் பிழைக்காது.

வழி சுலபம். துறைமுகத்திலிருந்து சோத்தோரிப்பா, அங்கிருந்து பாங்கி சதுக்கம். அங்கே ஒரு தேவாலயத்தைத் தரை மட்டத்தில் தேடாதீர்கள், படியேறித்தான் போக வேண்டும். கோயில் கட்டும் செலவுக்காகக் கீழே கடைகள் கட்டி விற்று, அதன் மேல் கோயிலை எழுப்பினார்கள். இந்த ஊரின் குணத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டடம் வேறு இல்லை. பொற்கொல்லர் தெரு வழியாக நேரே போனால் சொசீலியா.

கடைசியாக நடைமுறைக்கு இரண்டு விஷயம். இந்த ஊரில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்குக் கறுப்பு எண். ஒரே தெருவில் 16 சிவப்பும் 16 கறுப்பும் வெவ்வேறு இடத்தில் இருக்கும், விலாசத்தில் அந்தச் சிவப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து நடங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு மேல் பல கடைகள் மூடி மூன்றரை வாக்கில்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடைகள் திறப்பதே இல்லை. ஆகவே காலை ஃபொக்காச்சா, உடனே சொசீலியாவில் இனிப்பு, மதியம் ஃபரினாட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு மதலேனா பக்கத்துச் சந்துகள் ஆளரவம் இல்லாமல் இருக்கும், அம்மாவுடன் அந்த நேரத்தில் வேண்டாம். ரோஜா சர்பத் வாங்கினால் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமானத்தில் பெட்டியோடு போட்டுவிடுங்கள்.